கரடிக்குக் கேட்கப் பேசிய அரசியல்

எங்கள் ஊரிலிருந்து மாங்குளம் சந்திக்கு நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம். நாலு கட்டையும் காடு. பாதை முழுக்கக் குருமணல். சைக்கிள் உருளாது, நடக்கத்தான் வேண்டும். வைகாசி, ஆனி மாதங்களில் தனியே நடக்கவும் கூடாது. அப்போதுதான் பாலைப்பழம் பழுக்கும். அந்தப் பழத்தில் மனிதருக்கு எவ்வளவு ஆசையோ, அதைவிடப் பத்து மடங்கு ஆசை கரடிக்கு.

யானை வந்தால் கொப்பு முறிகிற சத்தத்தில் தெரிந்துவிடும். கரடி அப்படியில்லை. தலையைக் குனிந்து தின்றுகொண்டே நிற்கும். கண்பார்வையும் அதற்கு மட்டுத்தான். நாம் சத்தமில்லாமல் கிட்டப் போய்விட்டால் திடுக்கிட்டுப் பாயும். பாய்வது முகத்தில். எங்கள் ஊர்க் கச்சு முகம்மது இன்றைக்கும் பாதி முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டுதான் பள்ளிவாசலுக்கு வருகிறார். அதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காட்டுக்குள் இரண்டு பேராய்ப் போக வேண்டும், உரத்துக் கதைத்துக்கொண்டே போக வேண்டும். ஆள் சத்தம் தூரத்தில் கேட்டால் கரடி தானாக விலகிவிடும்.

ஆனால் தினமும் போக வர எட்டுக் கட்டைக்கு எதைக் கதைப்பது? ஒத்துப்போகிற இரண்டு பேரின் கதை அரைக் கட்டையில் முடிந்துவிடும். நானும் யோகலிங்கம் மாஸ்டரும் ஒன்றிலும் ஒத்துப்போகாதவர்கள். கரடி எங்களை அண்டியதே இல்லை.

நான் மீராசாகிபு, மாஸ்டர் வீட்டாருக்கு 'நானா', அதாவது அண்ணன். சந்தியில் சின்னப் புடைவைக் கடை. மாஸ்டர் சந்திப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து நாலு வருசத்துக்கு முன் எங்கள் குளத்தின் கீழ்க் காணி கிடைத்து வந்து குடியேறியவர். தமிழரசுக் கட்சி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. நான் அரசாங்கத்தின் பக்கம். அது கொழும்பிலிருந்து சரக்கு வருவதற்காக மட்டுமில்லை. ஐம்பத்தெட்டுச் சிங்கள–தமிழ்க் கலவரத்தில் என் தம்பி றவூப் குருநாகலில் அகப்பட்டுக்கொண்டான். மகாதேசாதிபதி அவசரகாலச் சட்டத்தில் கையெழுத்து வைத்து, பட்டாளம் றோட்டில் இறங்கிய பிறகுதான் அவன் முழு உடம்போடு வீடு வந்தான். அந்தக் கையெழுத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்?

அறுபத்தோராம் ஆண்டு சித்திரையில் அதே கையெழுத்து மறுபடி விழுந்தது. இந்த முறை, தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து யாழ்ப்பாணக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக வாசலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சிக்காரர்களுக்கு எதிராக. தலைவர்களைப் பிடித்து அடைத்தார்கள். கூட்டம் கூடக்கூடாது, கண்டபடி கதைக்கக்கூடாது என்றார்கள். சந்தியில் எல்லோரும் குசுகுசுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் காட்டுக்குள் தொண்டை கிழியக் கத்தினோம்.

"நானா, கொழும்பில ஒரு மனுசன் கையெழுத்து வைச்ச உடன இஞ்ச நான் வாய் திறக்கக் கூடாதோ?"

"குளத்தைப் பாருங்கோ மாஸ்டர், மடையைப் பூட்டித் திறக்கிறது ஒருத்தன்தான். துருசுத் திறப்பு ஒருத்தன்ர கையிலதான் இருக்கோணும். ஆளாளுக்குத் திறந்துவிட்டா குளம் வத்திப்போம்."

"திறப்பு வைச்சிருக்கிறவன் தன்ர வயலுக்கு மட்டும் திறந்தா?"

"கூட்டத்தில எழும்பிக் கேக்கிறது."

"கூட்டமே கூடக்கூடாதெண்டுதானே அந்தக் கையெழுத்து!"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது நான் இன்னும் உரக்கக் கத்துவேன். கரடிக்கு அது போதும்.

வைகாசியில் அப்படிக் கத்திய ஒரு நாள்தான் மாஸ்டர் அந்தச் சொல்லைச் சொன்னார். "ஒரு கையெழுத்துக்குள்ள அடங்கிற நாடு நாடில்லை நானா, பட்டி. நாங்கள் அதுக்குள்ள நிக்கிற மாடுகள்."

எனக்கு அது பிடித்துப்போனது. எதிராளி சொன்னாலும் நல்ல சொல் நல்ல சொல்தானே. மத்தியானம் வீரகத்தியின் தேத்தண்ணிக் கடையில் அதை எடுத்துவிட்டேன். காட்டுக்குள் நடந்த வாக்குவாதத்தை அங்கே நடித்துக் காட்டுவது என்னுடைய வழக்கம். மாஸ்டரைப் போலவே நாடியை உயர்த்தி, மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிடுவது போலப் பாவனை செய்து, அவருடைய மெல்லிய குரலில் சொல்வேன். பிறகு என் குரலில் பதில். உள்ளதைச் சொல்ல வேண்டும், கடையில் என் பதில்தான் எப்போதும் வெல்லும்.

மூலை வாங்குப் பலகையில் ஒரு புது ஆள் இருந்தான். அவனும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தான். சிரித்துவிட்டு, "ஆர் அண்ணை அந்த மாஸ்டர்?" என்று கேட்டான். நான் பெருமையாகப் பேரைச் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. பின்னேரம் சந்திப் பக்கத்துக் காட்டு வாசலில் மாஸ்டர் எனக்காக நின்றார். முகம் வெளுத்திருந்தது. பொலிசுச் சார்ஜன் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கே வந்தாராம். ஒரு கொப்பியை விரித்து அந்தப் பட்டிக் கதையைச் சொல்லுக்குச் சொல் வாசித்தாராம். சொன்னது நீதானா என்று கேட்டாராம். மாஸ்டர் இல்லை என்றிருக்கிறார். "வெள்ளிக்கிழமை காலமை காட்டு வாசலில ஜீப் நிக்கும். வவுனியாவுக்குப் போய்ப் பெரிய துரையிட்டச் சொல்லும். அதுக்கிடையில யோசியும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"நானா, அது காட்டுக்குள்ள கதைச்ச கதை. கேட்டது நீங்களும் கரடியுந்தான்."

பிறகு எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மூலை வாங்கு, சிரிப்பு, நான் சொன்ன பேர்.  சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்றால், பயம். அவர் என்னைக் காறித் துப்புவாரே என்ற பயம் கொஞ்சம். நடித்தவனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவார்களே என்ற பயம் நிறைய. அந்தச் சட்டத்தில் அடைத்தால் வழக்கும் இல்லை, தவணையும் இல்லை. எப்போது விடுவார்கள் என்று கேட்கவும் ஆளில்லை. இத்தனை நாளும் நான் வாதாடிக் காப்பாற்றிய சட்டம் அது. என் கழுத்துக்குக் கிட்ட வந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

வீட்டில் மனைவி ஜொஹறாவிடம் மட்டும் சொன்னேன். அவள் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நாலு பொம்பிளைப் பிள்ளையள். வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ" என்றாள். 

புதனும் வியாழனும் நாங்கள் ஊமைகளாக நடந்தோம். என்னோடு வர மாஸ்டருக்கு விருப்பமில்லை, தனியே போகவும் துணிவில்லை. இருபது அடி முன்னால் போனார். நான் தடியால் வேர்களில் தட்டினேன், செருமினேன். "சீத்தைத் துணி விலை ஏறப்போகுதாம் மாஸ்டர்" என்றேன். பதில் இல்லை. பதில் வராத கதையை எவ்வளவு தூரத்துக்குக் கதைப்பது? என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

சத்தம் அடங்கியதும் காடு கண்ணில் படத் தொடங்கியது. பாலை மரப் பட்டைகளில் நகம் கீறிய கோடுகள், பால் காயாமல். பாதை ஓரத்தில் பழ விதை நிறைந்த எச்சம். மணலில் தடம். கரடியின் பின்கால் தடம் பார்க்கக் குழந்தையின் காலடி போலவே இருக்கும். அதைக் கண்ட இடத்தில் நடையை எட்டிப் போடுவேன்.

வெள்ளிக்கிழமை நான் கடை திறப்பதில்லை. ஆனாலும் விடிந்ததும் மாஸ்டரின் படலைக்குப் போனேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு சின்னப் பையோடு நின்றார். பைக்குள் மாற்றிக் கட்டச் சாரம், சவர்க்காரம், பல்லுத்தூள். திரும்பி வருவேன் என்று அவர் நினைக்கவில்லை என்று அந்தப் பையைப் பார்த்தபோது விளங்கியது. அவருடைய மனைவி கமலாசனி கைக்குழந்தையோடு படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானா, நீங்கள் இவரோட போறியள்தானே?"

"ஓம் பிள்ளை."

"அப்ப எனக்குப் பயமில்லை" என்றாள். மாஸ்டர் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்தச் சொல் எனக்குச் சுட்டது.

அடுத்த வளைவில் சொல்லிவிடுகிறேன் என்று நடந்தேன். வளைவு வரும், போகும். அதற்கடுத்த வளைவில் என்பேன். மூன்றரைக் கட்டை அப்படியே போய்விட்டது. இன்னும் கொஞ்சத் தூரத்தில் ஜீப் நிற்கும். இப்போது சொன்னாலென்ன என்று வாயைத் திறந்தபோது முன்னால் போன மாஸ்டர் நின்றுவிட்டார்.

பெரிய பாலை மரத்தின் கீழ் ஒரு கரிய மூட்டை அசைந்தது. பக்கத்தில் குட்டி. தாய்க் கரடி நிமிர்ந்தது. மாஸ்டருக்கும் அதற்கும் இடையே நாலு ஆள் நீளம் இருக்காது. இரண்டு காலில் எழும்பி நின்றது. நெஞ்சில் வெள்ளைக் கீறல், தொங்குகிற உதடு, விரல் நீள நகங்கள். மாஸ்டர் அசையவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

எனக்குக் கச்சு முகம்மதுவின் முகம் துவாய் இல்லாமல் தெரிந்தது. ஓடச் சொன்னது கால். எப்படியோ முன்னால் போனேன். சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி கத்தினேன். அல்லாஹ்வைக் கூப்பிட்டிருக்க வேண்டிய வாய். அதிலிருந்து வந்தது, ஒரு கிழமையாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்த சொல்.

"ஒரு கையெழுத்துக்குள்ள அடங்கிற நாடு நாடில்லை! பட்டி! நாங்கள் அதுக்குள்ள நிக்கிற மாடுகள்!"

கரடி உறுமியது. நான் திரும்பவும் அதையே கத்தினேன். மூன்றாம் தரம் கத்தும்போது அது முன்காலைக் கீழே போட்டது. குட்டி அதன் முதுகில் தொற்றி ஏறிக்கொண்டது. இரண்டும் பற்றைக்குள் போய் மறைந்தன. நான் சால்வையோடு மணலில் குந்திவிட்டேன்.

காட்டு வாசல் பக்கமிருந்து ஓடி வருகிற சப்பாத்துச் சத்தம். சார்ஜனும், துவக்கோடு ஒரு பொலிசுக்காரனும். சார்ஜன் தமிழர்தான். தடத்தைப் பார்த்தார், பற்றையைப் பார்த்தார், பிறகு கொப்பியை எடுத்தார்.

"ஆர் அந்தக் கதையைக் கத்தினது?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நான் ஐயா."

"இதுதானே இந்தக் கொப்பியில இருக்கிறதும்?"

"அதைச் சொன்னதும் நான்தான். வீரகத்தியின்ர கடையில வைச்சுச் சொன்னனான். பத்துப் பேர் கேட்டவை, விசாரியுங்கோ. மாஸ்டர்ர பேரைச் சொல்லி நடிச்சனான். உங்கட ஆள் கேட்டது என்ர வாயாலை."

மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீர் அரசாங்கத்தின்ர ஆளெண்டெல்லோ சந்தியில சொல்லுகினம்?" என்றார் சார்ஜன்.

"ஓம் ஐயா, இப்பவும் அந்தப் பக்கந்தான். ஆனா சொன்னது நான்."

சார்ஜன் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். கோபப்பட்டிருந்தால் பயம் குறைந்திருக்கும். அவர் மெதுவாகக் கொப்பியில் ஒரு பேரை வெட்டி இன்னொரு பேரை எழுதினார். எவ்வளவு சின்ன வேலை என்று இருந்தது. ஒரு நிமிசமும் எடுக்கவில்லை.

காட்டு வாசலில் என்னை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள். தூரத்தில் சந்திக் கடைகள் பாதிக் கதவு சாத்தியிருந்தன. "மாஸ்டர், ஜொஹறாவிட்டச் சொல்லிவிடுங்கோ" என்றேன். சொல்லிய பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று உறைத்தது. பொலிசு ஜீப் நிற்கிற இடத்துக்கு அவருக்குத் துணையாக எவன் வருவான்? அவர் தனியேதான் திரும்ப வேண்டும். அந்தக் குட்டிக்காரி போன காட்டுக்குள்.

"இண்டைக்குத் தனியப் போகாதேங்கோ, நாளைக்கு ஆரோடயாவது போங்கோ மாஸ்டர்!"

அவர் கிட்ட வந்து என் கையைப் பிடித்தார். கை ஈரமாயிருந்தது. "இண்டைக்கே சொல்லிப்போடுறன் நானா" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போனார்.

சார்ஜன் ஜீப்பின் முன்மூடியில் கொப்பியை வைத்து என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தார். அப்போது காட்டுக்குள்ளிருந்து குரல் கேட்டது. மாஸ்டரின் மெல்லிய குரல், அடிவயிற்றிலிருந்து.

"துருசுத் திறப்பு ஒருத்தன்ர கையிலதான் இருக்கோணும்!"

என் கட்சி. என் சொல். அவருடைய சொல்லைப் பொலிசின் காதில் விழச் சொல்ல முடியாது. பேசாமல் போகவும் முடியாது. அதனால் என்னுடையதைக் கத்திக்கொண்டு போகிறார். பிறகு குரல் நின்றது. அவருடைய பதில் வர வேண்டிய இடம் அது.  "திறப்பு வைச்சிருக்கிறவன் தன்ர வயலுக்கு மட்டும் திறந்தா?" என்று என் உதடு சத்தமில்லாமல் அசைந்தது.

"கூட்டத்தில எழும்பிக் கேக்கிறது!" காடு பதில் சொன்னது. குரல் முன்னதைவிடத் தூரத்தில்.

சார்ஜன் எழுதுவதை நிறுத்திக் காது கொடுத்தார். "ஆள் அரசாங்கத்தின்ர பக்கம்போல?"

"ஓம் ஐயா" என்றேன். "நல்ல மனுசன்."

மறுபடி மௌனம். கூட்டமே கூடக்கூடாதெண்டுதானே அந்தக் கையெழுத்து, என்று நான் மனதுக்குள் சொல்லி முடித்தேன். இதற்கு என்னிடம் என்றைக்குமே பதில் இருந்ததில்லை. என் பக்கத்துக்கு அவர் இப்போது என்ன சொல்லப் போகிறார் என்று காட்டையே பார்த்தேன். மௌனம் நீண்டது. 

"கத்துங்கோ மாஸ்டர்" என்று முணுமுணுத்தேன்.

றைவர் ஜீப்பை ஸ்டார்ட் செய்தான். அந்த இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.