கையெழுத்து இல்லாத மூன்று வரிகள்

1

இந்தக் கதை கற்பனையில் பிறந்தது என்று சொல்ல ஆசைதான். பொய். ஆத்திரத்தில் பிறந்தது. நேற்று ஜெயலெட்சுமி அக்கா ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் பிடித்து வந்து, என் மேசையில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டை வீசிவிட்டுப் போனாரே, அதில் பிறந்தது. அவருடைய கணவர் பக்கிரிசாமி அண்ணன் கடலுக்கடியில் வேலை செய்கிறவர். செய்தவர். நான் நல்லமுத்து, படகில் நின்று அவருடைய கயிற்றைப் பிடித்தவன். பத்திரிகையின் ஞாயிற்றுப் பதிப்புக்கு அவ்வப்போது கதையும் எழுதுவேன்.

2

முதல் தொடக்கம்: ‘பினாங்குக் கடல் அன்று நீலப் பட்டாய் விரிந்து—’

(சீ! அந்தக் கடல் தேத்தண்ணீர் நிறம். உள்ளே கையை நீட்டினால் விரல் தெரியாது.)

இரண்டாம் தொடக்கம்: ‘1986, ஒரு வியாழக்கிழமை. புலாவ் கெண்டித் தீவுக்கு அப்பால், தொலைந்துபோன நங்கூரத்தைத் தேடி அண்ணன் எண்பதடி ஆழத்துக்கு மூன்று முறை இறங்கினார்.’

இது இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம், இடையில் ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம். அந்த ஆழத்திலிருந்து வந்தவரை மணிக்கணக்கில் மேலே உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் காற்றுக்குமிழ் கட்டும். சூப்பர்வைசர் விநாசித்தம்பிக்கு இது நன்றாகத் தெரியும்.

“இன்னொரு டைவ் போடு லா, சாமி. கப்பல்காரன் கத்துறான்” என்றார்.

அன்று மாலையே அண்ணனுக்கு இரண்டு காலும் விளங்காமல் போயின.

3

நோட்டைப் பற்றி. கம்பெனித் தாள் கம்பெனிக்கு. இது அண்ணன் தனக்காக வைத்திருந்த பள்ளிக்கூட நோட்டு. தேதி, ஆழம், இறங்கிய நேரம், ஏறிய நேரம், கீழே பார்த்தது. கடைசிக் கட்டத்தில் கயிறு பிடித்தவனின் கையெழுத்து. மொத்தம் நானூற்றுப் பதினோரு வரிகள்.

“என்னாண்ணே, ஸ்கூல் பிள்ளையாட்டம்?” என்று கிண்டல் செய்வேன்.

“கீழ நான் என்னா செஞ்சேன்னு மீனுக்குத்தான் தெரியும். மீனு வந்து சாட்சி சொல்லுமா தம்பி?”

படகிலேயே கையெழுத்துப் போட எனக்குச் சோம்பல். ஈரக் கை வேறு. சனிக்கிழமை கோப்பிக்கடையில் உட்கார்ந்து, ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஒரேயடியாகப் போட்டுவிடுவேன். அந்த வாரம் வியாழன்தான் முதல் வேலை. சனிக்கிழமை அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

(கடைசி மூன்று வரிகளில் மூன்றாவதைப் பாருங்கள். எழுத்து கோணிக்கொண்டு கட்டத்தைத் தாண்டி ஓடுகிறது. விரல் மரத்துப்போன பிறகும் எழுதியிருக்கிறார்.)

4

இந்தப் பகுதியை நான்கு முறை கிழித்தேன்.

கம்பெனித் தாளில் ஒரே ஒரு டைவ்தான். மற்ற இரண்டும் சிப்பி பொறுக்க அண்ணன் தன் இஷ்டத்துக்கு இறங்கியதாம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் என் நண்பன் ஒரு—

நண்பனாவது, மண்ணாங்கட்டியாவது! நான்தான் போட்டேன்.

“பேசாம சைன் பண்ணு லா. ஒனக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கு” என்றார் விநாசித்தம்பி. நஷ்டஈட்டு விசாரணையில், அக்கா கொடுத்த நீல நோட்டை அவரே தூக்கிக் காட்டினார். “மத்த எல்லாத்துலயும் கையெழுத்து இருக்கு. இந்த மூணுல மட்டும் இல்ல. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எழுதினது இது.”

அந்த அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

5

நேற்று அக்கா உட்காரக்கூட இல்லை.

“கதையெல்லாம் நல்லா எழுதுறியாமே தம்பி. இந்த மூணு கட்டத்த மட்டும் எழுத வரலயா? திங்கக்கிழமை காலையில மேல்விசாரணை. வீட்ட மறந்துட்டு சிப்பி பொறுக்கப் போயி விழுந்தாருன்னு என் பிள்ளைங்ககிட்டயே சொல்றாங்க. அவரு சோத்தத் தொட மாட்டேங்கிறாரு. நீ அங்கதானே நின்ன?”

அங்கேதான் நின்றேன்.

6

முடிவு ஒன்று: நல்லமுத்து விசாரணையில் எழுந்து உண்மையை உடைக்கிறான். விநாசித்தம்பியின் முகம் வெளுக்கிறது. (நான் எழவில்லை.)

முடிவு இரண்டு: நோட்டைக் கரையான் தின்றுவிடுகிறது. (முழுசாக மேசையில் கிடக்கிறது, சனியன்.)

முடிவு மூன்று: ‘வாசகரே, இனி உங்கள் கையில்—’

உங்கள் கையில் என்ன இருக்கிறது? கயிறு என் கையில் அல்லவா இருந்தது! கீழேயிருந்து ஒருமுறை இழுத்தால் ‘நல்லா இருக்கேன்’ என்று அர்த்தம். மூன்று டைவிலும் அண்ணன் இழுத்தார். மூன்று தடவையும் பதிலுக்கு இழுத்தவன் நான்.

காலையிலிருந்து பதினோரு தாள் வீணடித்திருக்கிறேன். மூன்று கையெழுத்துக்குப் பயந்து ஒரு கதை! த்தூ!

அந்த மூன்று கட்டத்திலும் கையெழுத்தும் இன்றைய தேதியும் போட வேண்டும். இவ்வளவு தாமதம் ஏன் என்பதையும், கம்பெனித் தாளில் நான் போட்டது பொய் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். நாளைக்கு அந்த அறையில் அதை வாயாலும் சொல்ல வேண்டும். வேலை போகும். போய்த் தொலையட்டும்.

வீட்டில் மை உள்ள பேனா இது ஒன்றுதான். நோட்டுக்கும் இதுவே வேண்டும். ஆகவே கதையை இந்த இட—