இரண்டிலிருந்து மூன்றுக்கு

கார் வாங்கிய மூன்றாம் நாளே அது குதிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போதெல்லாம் பிடரியில் யாரோ தட்டியது போல ஓர் உதை. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி என்று ஆசையாக வாங்கினாள். முன்பு வைத்திருந்தவர் அதை என்ன பாடு படுத்தினாரோ, அந்தக் கோபத்தையெல்லாம் இவள்மேல் காட்டியது.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்தே வயது நாற்பத்தொன்று ஆகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் காரில் பின்சீட்டில், தண்ணீர்ப் பாட்டிலுக்கும் குழந்தைகளின் பைக்கும் நடுவில்தான் அவளுக்கு இடம். ஒருமுறையாவது முன்னால் உட்கார்ந்து போகவேண்டும் என்றுதான் இந்தப் பழைய காரை வாங்கினாள். வாங்கிய கார் அவளைப் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

பட்டறைக்காரரை எல்லோரும் ‘காது’ என்றே சொன்னார்கள். கருவி எதையும் நம்பமாட்டார். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, கியர் தண்டுக்கு அருகில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். மனைவி இறந்து ஆறு வருஷம். முன்மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனிப்பது அவருடைய தங்கை.

“நீங்க ஓட்டுங்க. நான் கேக்கறேன்” என்றார் முதல் நாள்.

இருபது நிமிஷம் ஓட்டினாள். அவள் பாதம் என்ன செய்கிறது என்பதை ஒரு மனிதர் இவ்வளவு அக்கறையாகக் கவனிப்பது அதுவே முதல் தடவை. “கொஞ்சம் மெதுவா மிதிங்க. ம்... அப்படித்தான்.” அந்த ‘அப்படித்தானை’ அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். துணி மடிக்கும்போது ஒருமுறை, விளக்கணைத்த பின் ஒருமுறை அதை எடுத்துப் பார்த்தாள்.

அடுத்த செவ்வாய், கியர் பெட்டியிலிருந்து கரியாய்த் தீய்ந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். “பெட்டிக்குப் பழைய ஆளோட கால்தான் ஞாபகம் இருக்கு. உங்க கால் அதுக்குப் பழகணும். வாரா வாரம் கொண்டு வாங்க, கூட வந்து பாக்கறேன்.” செவ்வாய்தான் அவளுக்கு விடுமுறை. மூன்றாவது செவ்வாயன்று வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

“அவ்வளவுதான், சரியாயிடுச்சு. இனிமே வரவேண்டாம்” என்றார் சந்தோஷமாக.

அவளும் சிரித்தாள். ஆனால் வீடு வரும்வரை, அடுத்த செவ்வாய் என்ன செய்வது என்றே நினைத்துக்கொண்டு ஓட்டினாள்.

அந்த வாரமே, கியர் மாறுகிற நேரத்தில் இடது கால் தவறிப் பிரேக்கின்மேல் பட்டது. வண்டி பழையபடி ஒரு குதி குதித்தது. அவள் ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பட்டறைக்குப் போன் செய்தாள்.

நாலாவது செவ்வாய் வண்டி மூன்று முறை குதித்தது. ஐந்தாவது செவ்வாயும் அப்படியே. அவர் நெற்றியைச் சுருக்கினார். “எனக்கே பிடிபட மாட்டேங்குதே.”

“அண்ணா, காதுல பஞ்சு வெச்சிருக்கியா?” என்றாள் தங்கை. “மருந்துக்கடை அக்கா, நீங்களே ஏதாவது சொட்டு மருந்து குடுங்க இவருக்கு. பாவம், பேரே போயிடும் போல.”

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போதும், அடுத்த வாரம் பிரேக்கில் காலை வைக்கக்கூடாது என்று முடிவு செய்தாள். ஆனால் அந்தச் செவ்வாய் வந்தது, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார், சட்டையில் சோப்பும் கிரீசும் கலந்து மணத்தது. முடிவு எங்கே போனது என்று தெரியவில்லை.

அன்று ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறு கண்டுபிடிக்கும் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, மடியில் ஒரு திரையை வைத்துக்கொண்டிருந்தார். “தங்கச்சி வாங்கி வெச்சுட்டா. காதை நம்பினது போதுமாம்.”

அந்தப் பெட்டி எதையெல்லாம் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூட மதில், மரக்கடை, நேர்ச்சாலை. மூன்று முறை குதிக்கவைத்துத் திரும்பிவந்து, பட்டறை வாசலில் நிறுத்தினாள்.

அவர் திரையில் ஓடிய கோடுகளைக் காட்டினார். “மேல இருக்கறது வேகம். இது கியர். இந்த மூணு இடத்துலதான் குதிச்சுது. கீழ இருக்கறது...”

விரல் நின்றது. கடைசிக் கோடு தரையோடு தரையாகப் போய், சரியாக மூன்று இடத்தில் பல் முளைத்தது போல எழுந்திருந்தது. ஓரத்தில் ‘பிரேக்’ என்று இருந்தது.

அவளுக்குக் காது மடல் சுட்டது. கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாம். கார் அவளுடையதாகப் போயிற்று.

அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரிடம் பேசுவது போலச் சொன்னார். “பிரேக் சுவிட்ச் கெட்டிருக்கலாம். மிதிக்காமலே மிதிச்ச மாதிரி காட்டும். சின்ன சாமான்தான். மாத்திட்டா தீர்ந்தது.”

அவள் மானத்தோடு வீட்டுக்குப் போகத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று புரிந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டிக்குக் குணமாகிவிடும். அடுத்த செவ்வாய் அண்ணியோடு உட்கார்ந்து அலமாரியை ஒழுங்கு செய்யலாம். அதற்கடுத்த செவ்வாயும்.

“சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு” என்றாள். “போன வாரமும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரமும்.”

தங்கை ஜன்னலுக்கு வந்து குனிந்தாள். “கண்டுபிடிச்சியா அண்ணா?”

“ம்.”

“என்ன கோளாறு?”

“வண்டியில ஒண்ணும் இல்ல.”

தங்கை அண்ணனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். முன்மேஜைக்கே திரும்பிப் போய்விட்டாள்.

“ரெண்டு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல” என்றார் அவர். “காது போயிடுச்சோன்னு பயந்துட்டேன்.”

“தப்புதான்.”

“தப்புதான்” என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஒயரை நிதானமாகச் சுருட்டினார். சுருட்டி முடித்ததைப் பிரித்து, மறுபடியும் சுருட்டினார். “உங்களுக்கு வாரத்துல ஒரே நாள்தான் லீவா?”

“ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல கடை கிடையாது” என்றாள் அவள்.