விருந்தாளியின் பக்கத்தில் தூங்கும் பழக்கம்

விசில் சத்தம் கேட்டுத்தான் சங்கவிக்கு விழிப்பு வந்தது. பலா மரத்தடியில் அவள் தோளில் தலை சாய்த்து எக்லே இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். லித்துவேனியாவிலிருந்து வந்த பெண். வயிறு கெட்டு மூன்று நாளாக வாழைப்பழத்திலேயே காலம் தள்ளுகிறவள்.

ஒரு மணி நேரப் பயிற்சி முடிந்துவிட்டது. கைப்பேசி கூடாது, மொழிபெயர்க்க ஆள் கூடாது. இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். பிறகு எல்லார் முன்னாலும் நின்று, இவளிடமிருந்து என்ன தெரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும். இவர்கள் பேசியது மொத்தம் நான்கு வாக்கியம். அண்ணன் உண்டா என்று எக்லே கேட்டாள். இல்லை என்றாள் சங்கவி. வயிறு பரவாயில்லையா என்று சங்கவி கேட்டாள். இல்லை என்றாள் எக்லே. இருவருக்கும் ஆங்கிலம் அவ்வளவுதான். அப்புறம் மரவள்ளிக் காட்டுப் பக்கமிருந்து காற்று வந்தது.

வெள்ளிமலைக்கு மேலே, விடுமுறையில் காலியாகக் கிடந்த ஒரு பள்ளி விடுதியில்தான் முகாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர், கள்ளக்குறிச்சி வட்டாரத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர். கூச்சமில்லாமல் பேசுவது எப்படி, கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று ஏழு நாளாக வகுப்பு நடக்கிறது. மலையில் பிறந்தவள் சங்கவி ஒருத்திதான். ஓடைக்கு வழி காட்ட, சாமைக் காட்டைச் சுற்றிக் காட்ட, காலில் ஏறிய முள்ளை எடுக்க, எல்லாவற்றுக்கும் அவள் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். அவள் அம்மா சாமியம்மாளுக்கு இங்கே சமையல் வேலை. விடியற்காலை நாலு மணிக்கு அம்மாவோடு எழுந்து காய் நறுக்குவதும் சங்கவிதான்.

இந்த வட்டாரத்து எட்டுப் பேரில் ஒருவர் ஜனவரியில் லித்துவேனியா போகலாம். யார் என்று இன்று மதியம் சொல்லிவிடுவார்கள். சனிக்கிழமை, கூலிக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியின் ஜீப் குடகுக்குக் கிளம்புகிறது. மிளகு பறிக்க யார் யார் வருகிறார்கள் என்று இன்று சாயங்காலத்துக்குள் அவரிடம் பெயர் கொடுத்தாக வேண்டும். போன வருஷம் சங்கவி போனாள். மூன்று மாதம் ஏணியில் நின்றுவிட்டுத் திரும்பியபோது கல்லூரியில் தேர்வே முடிந்திருந்தது. இந்த வருஷமும் போனால் கல்லூரி என்ற பேச்சே இருக்காது.

கூடத்தில் நுழைந்ததும் சின்னசேலத்துப் பாரதி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி, மூஞ்சி வீங்கிக்கினு இருக்குது? தூங்கினியா?"

"ஆமா."

"கொடுத்து வச்சவ. நா ஒரு மணி நேரமா ஆட்டுக்குட்டிய பத்திப் பேசிக்கினு இருந்தேன். தொண்டை கட்டிக்கிச்சி."

அந்த ஆட்டுக்குட்டியைத்தான் பாரதி மேடையில் ஐந்து நிமிடம் மேய்த்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். கைதட்டல் அடங்கியதும் சங்கவியைக் கூப்பிட்டார்கள். ஏதாவது புளுகலாம் என்றுதான் எழுந்தாள். புளுகவும் தெம்பு வேண்டியிருந்தது.

"நாங்க ஒண்ணும் பேசலிங்க," என்றாள் தமிழிலேயே. "தூங்கிட்டோம்."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். முகாமை நடத்தும் இளமாறன் மட்டும் சிரிக்கவில்லை. முகாமுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டியவர் அவர். வெளிநாட்டுக் குழுவின் தலைவி ரூட்டாவிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்த மலையில் ஒரு பழைய பழக்கம். விருந்தாளியின் பக்கத்தில் கண்ணை மூடித் தூங்கினால், உன்னை முழுசாக நம்புகிறேன் என்று அர்த்தம்."

ரூட்டா பேனாவைத் திறந்தார். கண் கலங்கினாற்போல இருந்தது. எப்போதெல்லாம் செய்வார்கள் என்று கேட்டார்.

"எப்பல்லாம் செய்வீங்கன்னு கேக்கறாங்க," என்றார் இளமாறன், குரலைத் தாழ்த்தி. "ஏதாச்சும் சொல்லும்மா. சீட்டு உனக்குத்தான்னு வச்சிக்கோ."

சங்கவி கூடத்தைப் பார்த்தாள். எல்லாக் கண்களும் அவள் வாயையே பார்த்தன. மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணி நினைவுக்கு வந்தது. அதில் நின்றபடியே தூக்கம் சொக்கும் பிற்பகல்களும். வாய் தானாகத் திறந்தது. முதல் நாள் விருந்தாளிக்குச் சாமைச் சோறு. ஏழாம் நாள்தான் பக்கத்தில் படுப்பது. யார் முதலில் தூங்குகிறார்களோ அவர்களுக்குத்தான் நம்பிக்கை ஜாஸ்தி. எழுந்ததும் இரண்டு பேரும் ஒரே சொம்பில் தண்ணீர் குடிக்க வேண்டும். ஏழு நாள் வகுப்பில் வராத ஆங்கிலம், மழைக்கால ஓடை மாதிரி வந்துகொண்டே இருந்தது. எக்லே அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சொம்பில் குடித்தோம் என்று யோசிக்கிறாள் போல.

வாசலில் சாமியம்மாள் டீ டம்ளர் தட்டோடு நின்றிருந்தாள். ரூட்டா கையைக் காட்டி ஏதோ கேட்டார்.

"ஏம்மா," என்றார் இளமாறன், "விருந்தாளி பக்கத்துல தூங்கற பழக்கம் உங்க ஊர்ல இருக்குதில்ல?"

சாமியம்மாள் மகளைப் பார்த்தாள்.

"இருக்குதுங்க," என்றாள். "ரொம்ப நாளா இருக்குது."

சீட்டு சங்கவிக்குத்தான் என்று முடிவைச் சொன்னபோது பாரதியும் கை தட்டினாள். "நானும் தூங்கியிருக்கலாம் போல," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். எக்லே வந்து, "உண்மையா?" என்றாள். "இல்லை," என்றாள் சங்கவி. எக்லே தலையசைத்தாள். கோபமா என்று கேட்கச் சங்கவிக்கு அந்த ஆங்கிலம் மறுபடி வரவில்லை.

பின்கட்டு அடுப்படியில் சாமியம்மாள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அவ்ளோ நேரம் பேசின? இங்கிலீசு தடதடன்னு ஓடுது."

"பொய்ம்மா."

"தெரியுது. நெசத்துக்கு அவ்ளோ நேரம் ஆவாது." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "மேஸ்திரிக்கு போன் போட்டு உம் பேரு வேணாம்னு சொல்லிட்டேன். நா மட்டும் போறேன்."

சங்கவி கழுவிய டம்ளர்களைக் கவிழ்த்து அடுக்கினாள். லித்துவேனியா போய் அந்தச் சொம்பைப் பற்றி இன்னும் எத்தனை பேரிடம் பேச வேண்டுமோ.

"அதில்லாம, அந்த ரூட்டாம்மா பக்கத்துல நாளைக்கு நா தூங்கிக் காட்டணுமாம்," என்றாள் சாமியம்மாள். "பத்து மணிக்கு. போட்டோ புடிப்பாங்களாம். பத்து மணிக்கு ஒலை கொதிக்குமே, இத்தினி பேருக்கு யாரு சோறாக்கறது?"

"நா ஆக்கறேன். நீ போய்ப் படு."

"படுத்தா நெசமாவே தூங்கிடுவேன்டி."

"தூங்கு," என்றாள் சங்கவி.