அப்பா சாய்ந்த இடம்

“சாவியைக் குடுங்கப்பா.”

அப்பா சட்டைப் பையை மேலோடு தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொடுக்கவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து முறைத்தாள். கார் வீட்டுக்கு வந்த அன்றே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: “அவர்கிட்ட என்ன வேணும்னாலும் கேளு. சாவிய மட்டும் கேட்டுடாதடி. வேலைய விட்டு நின்னதுக்கப்புறம் மனுசன் இப்பத்தான் நேரத்துக்கு எந்திரிச்சுக் குளிக்கிறார்.”

கார் என் பெயரில் இருக்கிறது. லைசென்சும் வைத்திருக்கிறேன். ஆனால் பின்சீட்டைத் தவிர வேறெதிலும் நான் உட்கார்ந்ததில்லை. முன்கதவைத் திறக்கப் போனால், “பின்னால உக்காரும்மா, அதுதான் பாக்க நல்லாருக்கும்” என்பார்.

அப்பா ஆயுள் முழுக்க ஒரே முதலாளிக்குக் கார் ஓட்டியவர். அந்தக் காரின் பானெட்டில் முகம் பார்த்து முதலாளி தலை சீவிக்கொள்வாராம். ஏதோ பட்டம் வாங்கியதுபோல அப்பா அதைச் சொல்வார். எங்கள் குடும்பத்தில் நிஜமாகவே பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். அதைக்கூட அவர் இத்தனை முறை சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர் முன்னால் ஒரு மேட் பெயின்ட் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அடுப்புக்கரி நிறம், துளி பளபளப்பில்லை. கீழ்வீட்டு டெய்லர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பிரைமர் மட்டும் அடிச்சுக் குடுத்துட்டாங்களா? பெயின்ட் எப்ப?” என்று கேட்டார். காரை எடுக்கும்போதே ஷோரூம் பெண் பொறுமையாகத்தான் விளக்கியிருந்தாள். பாலிஷ் கூடாது, மெழுகு கூடாது, பிரஷ் மெஷினில் கழுவக் கூடாது. அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்க ஆரம்பித்துவிடும், பிறகு அதை எடுக்கவே முடியாது, அந்தப் பகுதி முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும்.

“பளபளப்பு வந்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?” என்றார் அப்பா.

“ஆமா சார்.”

வீடு வரும்வரை தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டிவந்தார். ஆனால் கற்றுக்கொண்டார். நுரைக்கு ஒரு வாளி, அலச ஒரு வாளி, பூப்போன்ற துணி. பறவை எச்சம் விழுந்தால் சுரண்ட மாட்டார். காய்ச்சல்காரர் நெற்றியில் போடுவதுபோல ஈரத்துணியைப் போட்டுவிட்டு, அது ஊறும்வரை பக்கத்திலேயே நிற்பார். டெய்லருக்கே பாடம் எடுத்தார்: “தேய்க்கக் கூடாதுங்க. தொடணும், அவ்வளவுதான்.”

போன ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தைப் பார்த்தேன். முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுக்கம்.

“பாலிஷ் போட்டீங்களா? பழைய புத்தி போகலையா உங்களுக்கு?”

“என் கையால அந்த வண்டிக்கு அப்படிப் பண்ணுவேனாம்மா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். “வாய அளந்து பேசு” என்று அம்மா என் தலையில் தட்டினாள்.

காலையில் என்னை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதாகவும், சாயங்காலம் திரும்ப வருவதாகவும்தான் அப்பா சொல்லியிருந்தார். அம்மாவும் அதையே சொன்னாள். நேற்று மதியம் தலைவலி தாங்காமல் மாத்திரை வாங்கக் கீழே இறங்கினேன். ஆபீஸ் வாசலை ஒட்டிய மரநிழலில் கார் நின்றது. அதில் இடுப்பைச் சாய்த்து, தோளில் துணியோடு, அப்பா நின்றிருந்தார். பானெட்டில் துண்டை விரித்து அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தார், கீறல் விழக் கூடாதாம். டப்பாவைக் கட்டிக் கொடுத்தவள் யார் என்று புரிந்தது. யாராவது வெளியே வந்தால் நிமிர்வார். அவர்கள் போனதும் அதே இடத்தில் திரும்பச் சாய்வார். பெல்ட் உரசுகிற இடம், அந்த மினுக்கம் விழுந்த இடம்.

அவருக்கே தெரிந்திருக்காது. வாழ்நாள் பழக்கம். முதலாளியின் காரில் எத்தனை வருஷம் சாய்ந்தாலும் யார் கண்ணிலும் பட்டிருக்காது. இந்தக் கார் காட்டிக்கொடுத்துவிட்டது.

நான் போய்ப் பேசுவதற்குள் எங்கள் டீம் லீடர் அக்கா இரண்டு கையிலும் பெட்டியோடு வந்தாள். “டிரைவர் அண்ணா, இதக் கொஞ்சம் பிடிங்களேன்.” அப்பா ஓடிப்போய் வாங்கி அவள் காரில் வைத்தார். திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். விறைப்பாக நின்று, “மேடம், கிளம்பலாங்களா?” என்றார்.

மேடம். பெற்ற மகளை.

“அக்கா, இவர் எங்கப்பா” என்றேன்.

அவள் பதறிப்போனாள். “ஐயோ, தெரியாதுப்பா, மன்னிச்சிருங்க” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நல்லவள்தான். அப்பாவின் முகம்தான் சுருங்கிவிட்டது. சாயங்காலம் காரில் ஏறி, முதல் சிக்னலில் நின்றதும் கேட்டார்.

“எதுக்குச் சொன்ன?”

“எத?”

“டிரைவர் வச்சுக் கார்ல வர்ற பொண்ணுன்னு நினைச்சிட்டிருந்தாங்க. இப்ப டிரைவர் பொண்ணுன்னு ஆயிடுச்சு.”

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் நடுரோட்டில் கார் நின்றிருக்கும்.

அதனால்தான் இன்று காலை, அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பி நின்றபோது கை நீட்டினேன்.

“உனக்கு ரோடு பழக்கமில்ல” என்றார். “ஒரு கோடு விழுந்தா முழுக் கதவையும் திரும்ப அடிக்கணும்.”

“விழட்டும். என் கோடு.”

“வெயில்ல விட்டுட்டுப் போவ.”

“விடுவேன்.”

“எச்சம் விழுந்தா காயறதுக்குள்ள…”

“அப்பா.”

“ஒரு சாவிக்கு இவ்வளவு வழக்கா?” என்றாள் அம்மா. “சொத்தா பிரிக்கிறீங்க?”

“நீ பேசாதம்மா. டப்பா கட்டிக் குடுத்துட்டு என்கிட்ட வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்னு சொன்னவதான நீ.” அம்மா கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். நான் அப்பாவிடம் திரும்பினேன். “டிரைவர் பொண்ணுன்னு வேலைக்குச் சேந்த அன்னைக்கே சொல்லிட்டேன். அங்க எல்லாருக்கும் தெரியும். உங்க மூஞ்சிதான் தெரியாம இருந்துச்சு. எனக்கு மரியாதை வாங்கித் தரேன்னு நீங்க வெளிய நின்னது போதும்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் பார்த்து உட்கார்ந்தார்.

“அப்ப பகல் பூரா நான் என்ன பண்றது? உங்கம்மாகூட உக்காந்து வெங்காயம் உரிக்கவா?”

“உரிச்சா கை தேஞ்சிடுமா?” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

வீடு, பொழுது, ஒரு வேலையும் இல்லாத கை. படித்த பெண் நான், அதற்கு ஒரு வழி சொல்லத் தெரியவில்லை.

“தெரியலப்பா. ஆனா நான் உள்ள ஏசில உக்காந்திருக்கும்போது நீங்க மரத்தடியில நிக்கிறதுக்கு நான் படிக்கல.” கோபமாகச் சொல்ல நினைத்தது, கெஞ்சலாக வந்தது.

அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். என் கையில் தரவில்லை. மேசைமேல் வைத்து, விரலால் என் பக்கம் தள்ளினார்.

எடுத்துக்கொண்டேன். “இன்னைக்கு நான் தனியாப் போறேன். ஞாயித்துக்கிழமை உங்கள எங்கயாவது கூட்டிட்டுப் போறேன். நீங்க பக்கத்து சீட்ல உக்காருங்க.”

செருப்பை மாட்டினேன்.

“கண்ணாடியப் பாத்துப் பின்னால எடுடி” என்று அம்மாதான் சொன்னாள். கார் ஓட்டத் தெரியாதவள். தெரிந்தவர் வாயே திறக்கவில்லை. நான் படியிறங்கினேன்.