விட்டுப்போன எழுத்துகள்

வைரஸைக் கொண்டுவந்தது லிஃப்ட்காரரின் மச்சினன்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, மச்சினனுக்கே இல்லை. அக்காவுக்குக் காட்டவேண்டுமென்று தன் பிள்ளைகளின் படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துவந்தவன், ஆர்வக்கோளாறில் யாரையும் கேட்காமல் கம்ப்யூட்டரில் செருகிவிட்டான். படங்கள் திறக்கவில்லை. மறுநாள் காலையில் கம்ப்யூட்டரும் திறக்கவில்லை.

வேறொரு வீடாக இருந்தால் அந்தப் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியிருப்பார்கள். இந்த வீட்டில் அது டீச்சரின் வாய்.

லிஃப்ட்காரரின் மனைவிதான் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். கல்யாணமான புதிதில் 'டீச்சர்' என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்த லிஃப்ட்காரர், கடைசிவரை அப்படியேதான் கூப்பிட்டார். நரம்பில் வந்த நோய் அவளுடைய கால்களை முதலில் எடுத்தது, பிறகு கைகளை, பிறகு நாக்கை. மிஞ்சியது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்று. அந்த விரலுக்கு அடியில் ஒரு பொத்தான். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும், ஒரு மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக இறங்கிவரும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் அழுத்தினால், அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். மறுபடி அழுத்தினால் அந்த எழுத்து விழும். சொல் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் அதை வாசிக்கும். அந்த புரோகிராமை எழுதியவர் எப்போதோ அதைக் கைகழுவிவிட்டார். புதிய கம்ப்யூட்டர் எதிலும் அது ஓடாது.

வாசிக்கும் குரல் ஓர் ஆண் குரல். கட்டையான, கவலையே இல்லாத குரல். 'காப்பியில சக்கரை கம்மி' என்பதைக்கூட ஏதோ நாட்டில் ஆட்சி கவிழ்ந்த மாதிரி வாசிக்கும். அதற்கு 'செய்தி வாசிக்கிறவர்' என்று பெயர் வைத்திருந்தார் லிஃப்ட்காரர். "நான் இருக்கும்போதே இன்னொரு ஆம்பளைய வீட்டுக்குள்ள விட்டுட்டியே டீச்சர்" என்பார். டீச்சரின் கண்கள் சிரிக்கும்.

அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லிஃப்ட்களையே பழுதுபார்த்தவர். மனைவிக்கு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டார். பழுது என்று வந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும், பொறுமையாகத் தேடினால் கிடைத்தே தீரும் என்பது அவர் கொள்கை. வீட்டுக்குள் வந்த நோய் அந்தக் கொள்கைக்குக் கட்டுப்படவில்லை. கம்ப்யூட்டர் கட்டுப்படும் என்று அவர் நம்பினார்.

தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த அம்மாள் வைரஸை எடுத்துக்கொடுத்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்: "வைரஸ் போயிடுச்சு சார். ஆனா போறப்ப சும்மா போகல. நாலஞ்சு சாமானை உடைச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு. ஓடவிட்டுத்தான் ஒவ்வொண்ணா பாக்கணும். எதுன்னாலும் போன் பண்ணுங்க."

அன்றிலிருந்து லிஃப்ட்காரருக்கு வேலை வந்தது.

முதலில், கம்ப்யூட்டரை எப்போது போட்டாலும் ஏதோ ஒரு ஃபைலைக் காணவில்லை என்று திரையில் ஒரு பெட்டி குறுக்கே வந்து நின்றது. கடைக்கார அம்மாளுக்குப் போன் போட்டார். "அது வைரஸோட ஃபைல்தான் சார். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவன் பேருக்கு இன்னும் தபால் வருதுல்ல, அந்த மாதிரி" என்றார் அவர். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல லிஃப்ட்காரர் அந்த விலாசத்தை அழித்தார். பெட்டி மறைந்தது.

அடுத்து, சத்தம் வரவில்லை.

"சவுண்டுக்கு டிரைவர் போயிடுச்சு சார்."

"டிரைவர் எங்கம்மா போனாரு?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டு, சத்தத்தை வரவைக்கும் சின்ன புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர் என விளக்கினார். அலமாரிக்கு மேலே, பழைய டப்பாக்களுக்கு நடுவில் கிடந்த அதன் சிடியை லிஃப்ட்காரர் தேடி எடுத்தார். சாயங்காலத்துக்குள் செய்தி வாசிக்கிறவர் திரும்பிவந்தார். அவர் வாசித்த முதல் செய்தி: "தம்பிய திட்டாதீங்க."

"திட்டல, திட்டல" என்றார் லிஃப்ட்காரர். காலையில்தான் போனில் நன்றாகத் திட்டியிருந்தார்.

டீச்சர் சேமித்துவைத்திருந்த வாக்கியங்கள் காணாமல் போயிருந்தன. வைரஸ் அவற்றை அழிக்கவில்லை, ஒளித்துத்தான் வைத்திருந்தது. அவற்றை மீட்டார். எல்லாம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. வைரஸ் தடுப்பு புரோகிராம் இந்தக் கிழட்டுப் பெட்டிக்குத் தாங்காத கனம் என்று தெரிந்து, இலேசான ஒன்றை மாற்றிப் போட்டார். பெட்டியைக் கழற்றி, மின்விசிறியில் அடைபோலப் படிந்திருந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினார். மடியில் துண்டை விரித்து, வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு அவர் வேலைசெய்வதைக் கட்டிலில் சாய்ந்தபடி டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்க்ரூ வாயில் இல்லாத நேரத்தில் அவர் விசில் அடித்தார்.

கடைசியில் ஒரே ஒரு கோளாறு மட்டும் போகமாட்டேன் என்றது. எழுத்துகள் விட்டுப்போயின.

டீச்சர் அழுத்துவாள். வெளிச்சம் கவனிக்காததுபோல் கடந்து போய்விடும். 'தண்ணி' என்பது 'தணி' ஆனது. ஒருநாள் செய்தி வாசிக்கிறவர் மிகுந்த பொறுப்போடு "போவை வேணும்" என்று அறிவித்தார். போர்வை என்று புரிந்து எடுத்துப் போர்த்துவதற்குள் அவளுக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது.

"வைரஸ் எங்கயோ ஒளிஞ்சுட்டு இருக்கு" என்றார் லிஃப்ட்காரர். பொத்தானின் ஒயரை வேறு துளையில் செருகிப் பார்த்தார். ஒயரையே மாற்றினார். புரோகிராமை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். பொத்தானைப் பிரித்து, தன் கருவிப் பையிலிருந்து இன்னும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் பிறகு டீச்சரின் விரலைப் பொத்தான்மேல் எடுத்து வைத்து, "இப்ப?" என்பார். சில சமயம் விழும். "பாத்தியா!" என்பார். அடுத்த எழுத்து விழாது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் முன்பகல் முழுவதும் அதைச் சோதித்துப் பார்த்தார்.

"இதுல ஒரு தப்பும் இல்ல சார்."

"இல்லாம எப்படி? எழுத்து விட்டுப்போகுதே."

"நீங்க அழுத்தினா விழுதா?"

"நான் அழுத்தினா ஒண்ணு விடாம விழுது. அதான் எனக்குப் புரியல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கடைக்கார அம்மாள் தலைமேலிருந்த கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அந்த வெளிச்சம் ஓடுற வேகத்தைக் குறைக்கலாம் சார். அதுலயே வசதி இருக்கு."

"எதுக்குக் குறைக்கணும்? ஆரம்பத்துலேருந்து இதே வேகம்தான். அவ பள்ளிக்கூடத்துல மனக்கணக்குப் போட்ட வேகம் உங்களுக்குத் தெரியுமா? வைரஸை முழுசா எடுக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க!"

கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எடுத்துட்டேன் சார்" என்றார் அந்த அம்மாள், மிகவும் மெதுவாக.

வீட்டுக்கு வந்து ஒயர்களை மாட்டினார். அதுவரை டீச்சருக்குத் துணையாக உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அக்கா எழுந்து போனாள். "அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியல டீச்சர். வேற கடை பாக்கலாம்" என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே.

டீச்சர் எழுதத் தொடங்கினாள். வெளிச்சம் இறங்கியது, கடந்தது, மேலே போய் மறுபடி இறங்கியது. அவர் வழக்கம்போல் முந்திக்கொண்டு ஊகிக்கவில்லை. ஜன்னல் வெயில் கட்டில் காலிலிருந்து சுவருக்கு நகரும்வரை அவள் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினாள். பிறகு செய்தி வாசிக்கிறவர் சொன்னார்:

"விரல்."

லிஃப்ட்காரர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். பொத்தானை நகர்த்திவிட்டு, அதன் இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தார்.

"அழுத்து" என்றார்.

அவர் காத்திருந்தார். ஏதோ பட்டதா, படவேண்டும் என்று நினைத்ததால் பட்டதுபோல் இருந்ததா, அவருக்குத் தெரியவில்லை. டீச்சரின் நெற்றியில் வியர்த்திருந்தது. அவள் முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து?" என்று கேட்டார். பொத்தானைத் திரும்ப வைத்தார்.

அதற்கும் வெகுநேரம் ஆனது. "தம்பி வர முன்னாடியே."

வைரஸ் வருவதற்கு முன்பே. அவர் ஒயரை மாற்றியபோதும், ஸ்பிரிங்கைத் தேடி வீட்டையே தலைகீழாகப் புரட்டியபோதும், ஒவ்வொரு 'இப்ப?'வுக்கும் அவள் தெரிந்தே அழுத்தியிருக்கிறாள்.

"ஏன் சொல்லல? என்னை ஏன் இப்படி அலையவிட்ட?"

வெளிச்சம் இறங்கியது. சில எழுத்துகள் விட்டுப்போயின, அவள் திரும்ப வந்து பிடித்தாள். செய்தி வாசிக்கிறவர் எந்த உணர்ச்சியும் இல்லாமல் வாசித்தார்:

"விசில் அடிச்சீங்க."

நோய் வந்த பிறகு, இந்த ரிப்பேர் வேலை வரும்வரை அவர் விசில் அடித்ததே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவர் தலையைத் தடவ அவளால் முடியாது. அவள் கண்களிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் முடியாது. அதை அவர்தான் எழுந்து துடைத்தார். பிறகு புரோகிராமின் அமைப்புக்குள் போய் வெளிச்சத்தின் வேகத்தைக் குறைத்தார், பாதியாக.

மறுநாள் அவர் கடைக்குப் போய் வாசலில் நின்றார். கடைக்கார அம்மாளே கேட்டார்: "வேகத்தைக் குறைச்சீங்களா சார்?"

"குறைச்சேன்மா."

அந்த அம்மாள் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார், அவர் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

குறைத்த வேகம் கொஞ்ச காலம் தாங்கியது. பிறகு இன்னும் குறைத்தார். விரல் அடியோடு ஓய்ந்ததும் பொத்தானைக் கன்னத்துக்கு அருகில் ஒரு கம்பியில் கட்டிக்கொடுத்தார். அதுவும் நன்றாகத்தான் வேலை செய்தது. குளிர் ஆரம்பித்தபோது கன்னமும் நின்றது. கம்ப்யூட்டரை அணைத்து, துணியால் மூடி, மூலையில் வைத்தார்.

அதன்பிறகு எழுத்துகளை அவரே சொன்னார். கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "க, ச, ட, த, ப…" என்று நிதானமாகச் சொல்வார். வேண்டிய இடத்தில் டீச்சர் கண்ணை மூடித் திறப்பாள். அவர் அந்த வரிசைக்குள் இறங்குவார். மச்சினன் வரும்போது அவனும் அப்படிச் சொல்லப் பழகிக்கொண்டான், ஆனால் அவசரப்படுவான். லிஃப்ட்காரர் அவசரப்படவில்லை.

ஒருநாள் காலையில் அவர் "ப" என்றதும் அவள் கண்ணை மூடினாள். ப, பா, பி என்று போய், 'போ'வில் மூடினாள்.

"போர்வையா டீச்சர்?" அவள் கண்ணை மூடவில்லை.

இல்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். 'து'வில் மூடினாள். 'ம்' வரை போகவேண்டியிருக்கவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவளுடைய சொல்லை அவள்தான் முடிக்கவேண்டும் என்று, 'ம' வரிசைவரை அவர் சொல்லிக்கொண்டே போனார். 'ம்'மில் அவள் கண்ணை மூடினாள்.

"சரி" என்றார். எழுத்துகளை நிறுத்திவிட்டு, நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த வாரம் முடிவதற்குள் டீச்சர் போய்விட்டாள்.