முதுகின் இரண்டு கோடுகள்

டீச்சர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது என்று யாரோ ஞாபகப்படுத்திய பிறகுதான், தாங்கள் அவருக்கு எவ்வளவு செல்லமாக இருந்தோம் என்பது அவருடைய மாணவர்கள் எல்லோருக்கும் நினைவு வந்தது. உடனே ஒரு குழு அமைத்தார்கள். குழுவில் ஒன்பது பேர். டீச்சருக்குத் தன்னைத்தான் ரொம்பப் பிடிக்கும் என்பதில் ஒன்பது பேருக்கும் தனித்தனியாகச் சந்தேகமே இல்லை.

டயர் கடைக்கு மேல் மாடியில், முப்பது வருடம், மாலை ஆறிலிருந்து எட்டு வரை மனித உருவம் வரையக் கற்றுக்கொடுத்தவர் அவர். அறையின் நடுவில் ஒரு மேடை. அதில் அரைக்கால் சட்டை போட்ட ஓர் ஆள் அசையாமல் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் சாய்வுப் பலகையும் கரிக்குச்சியுமாக இருபது பேர். கீழேயிருந்து ரப்பர் வாடை ஏறி வரும். டீச்சர் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் வந்து நிற்பார். படம் சரியாக இருந்தால் "ம்" என்பார். தப்பாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாணவர் கையிலிருந்த கரியை வாங்கி, தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டுவிட்டு எழுந்து போவார். எதையும் அழிக்கமாட்டார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பார்த்துத் திருந்திக்கொள்ள வேண்டியது மாணவர் பாடு.

குழு கூடியது. நினைவுக் கண்காட்சி என்று முடிவாகி, மண்டபம் பிடித்து, அழைப்பிதழும் அச்சடித்துவிட்டார்கள். அப்புறம்தான் மாட்ட வேண்டிய படங்கள் எங்கே என்று ஒருவர் கேட்டார். டீச்சர் வீட்டில் தேடினால் பழைய மூக்குக் கண்ணாடிகள்தான் கிடைத்தன. விளக்கிக் காட்ட அவர் வரைந்ததெல்லாம் கரும்பலகையில், சாக்பீஸால். எட்டு மணியானால் அவரே துடைத்துவிடுவார். இத்தனை பேருக்கு வரையக் கற்றுக்கொடுத்தவர், தனக்கென்று ஒரு தாள்கூட வைத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்திருந்தார்.

மிச்சம் இருக்கக்கூடியது மாணவர்களின் தாள்களில் அவர் போட்ட திருத்தங்கள் மட்டும்தான். ஒன்பது பேரும் வீட்டுக்குப் போய்ப் பரண்களைக் குடைந்தார்கள். டீச்சர் "ம்" சொன்ன தாள்களை எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தார்கள். திருத்தம் விழுந்த தாள்களை அன்றைக்கன்றைக்கே கசக்கிப் போட்டிருந்தார்கள். யார் அவமானத்தைச் சுருட்டிப் பரணில் வைத்துக்கொள்வார்கள்?

பரிசுக்காரரின் நிலைமைதான் பரிதாபம். போட்டி நடந்த இடத்திலெல்லாம் பரிசு வாங்கி அந்தப் பெயரைப் பெற்றவர். இப்போது பெரிய ஓவியர். தாடி வைத்திருந்தார். "என் தாள்ல கை வைக்க டீச்சருக்கு ஒரு வேலையும் இருக்காது" என்று பத்து வருடமாகப் பேட்டிகளில் சொல்லிவந்தவர், இப்போது நானூறு தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதையே ரொம்ப மெதுவான குரலில் சொன்னார்.

"அப்போ யார் தாள்ல திருத்தம் நிறைய இருக்கும்?" என்று கேட்டார் குழுவின் செயலாளர் அம்மா.

எல்லோருக்கும் ஒரே முகம்தான் ஞாபகம் வந்தது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

"கோணல்," என்றார் பரிசுக்காரர் கடைசியில்.

கோணல் என்று வகுப்பில் பெயர் வாங்கியவள் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தாள். பதினோரு வருடம் டீச்சரிடம் படித்தவள். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு "ம்" கூட வாங்கியதில்லை. வருடக் கடைசியில் வகுப்புச் சுவரில் எல்லோருடைய படமும் மாட்டுவார்கள்; அவளுடைய முறை வரும்போது மட்டும் சுவரில் இடம் பத்தாமல் போய்விடும். அவளும் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆணி அடிப்பவர்களுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பரிசுக்காரரும் செயலாளர் அம்மாவும் கடைக்குள் வந்தபோது அவள் கழுத்தில் இஞ்ச் டேப்போடு துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றார் பரிசுக்காரர்.

அவர் அவளை அக்கா என்று கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் போல என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களத்தாங்க்கா."

"நல்லா இருக்கேன் தம்பி. பிள்ளைக்கு யூனிபார்மா?"

விஷயத்தைச் சொன்னார்கள். அவள் வெட்டுமேஜைக்கு அடியில் குனிந்து, துணிக்கயிற்றால் கட்டிய பெரிய கட்டு ஒன்றை இழுத்து வெளியே போட்டாள். செயலாளர் அம்மா பயபக்தியோடு மேலே இருந்த தாளைத் தூக்கினார். தாள் சட்டைக் கையின் வடிவத்தில் இருந்தது.

"இது என்னங்க?"

"எட்டாம் கிளாஸ் பிள்ளைங்களோட கை."

"இதுல டீச்சர் போட்ட தோள்பட்டை இருக்கே."

"ஆமாங்க. கெட்டித் தாளு, லேசுல கிழியாது. அந்தத் தோள வச்சுத்தான் நாலு வருஷமா வெட்டுறேன். ஒரு பிள்ளைக்கும் கக்கத்துல இறுக்குதுன்னு புகார் வந்ததில்ல."

பரிசுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "வேற எதெல்லாம் வெட்டிருக்கீங்க?"

"பயப்படாதீங்க தம்பி. ஒரு இருபது தாள் இருக்கும். மீதி இருநூறும் முழுசா இருக்கு."

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு தாளிலும் அவளுடைய கோடு பூரான் மாதிரி நெளிந்துகொண்டு போக, அதன் பக்கத்தில் டீச்சரின் கோடு ஒரே இழுப்பில் ஓடியது. எது யாருடையது என்று ஒரு தடவைகூட யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கட்டின் அடியில் கடைசித் தாள் வந்தது. ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் படம். பிடரியிலிருந்து இடுப்புவரை இரண்டு கோடுகள். ஒன்று தயக்கமில்லாமல் இறங்கியது. இன்னொன்று நடுங்கி, இரண்டு இடத்தில் உடைந்து, எப்படியோ வந்து சேர்ந்தது.

பரிசுக்காரர் துணிக்குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் விரல், தாளில் படாமல், அந்த நல்ல கோட்டின் மேல் மெதுவாக இறங்கியது.

"இதுதான்," என்றார். "முப்பது வருஷமும் இந்தக் கோட்டுல இருக்கு. கடைசி வகுப்புத் தேதி வேற போட்டிருக்கு. நடு மண்டபத்துல இதத்தான் மாட்டணும்."

அவர் விரல் எந்தக் கோட்டின் மேல் போகிறது என்று அவள் எட்டிப் பார்த்தாள். அது அவள் போட்ட கோடு.

"தம்பி, அது வந்து…"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாங்க்கா. சங்கடமாத்தான் இருக்கும், புரியுது." பையிலிருந்து ஒரு மெத்தென்ற ரப்பரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இந்த நடுங்குற கோடு பக்கத்துல இருந்தா பாக்குறவங்க குழம்பிடுவாங்க. நாங்க கை வைக்கப் பயமா இருக்கு. உங்க கோடு. நீங்களே எடுத்துடுங்க."

இவர்களுக்குத் தெரியாது. இவர்களெல்லாம் பெரிய ஆட்களாகி வகுப்பை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. கடைசி ஒரு வருடம் டீச்சரின் கை நடுங்கியது. ஒரு கண்ணில் திரை விழுந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு, கரியை வாங்கி, திருத்தினார். கோடு அரை இஞ்ச் தள்ளி விழும். புதுப் பிள்ளைகள் "தேங்க்ஸ் டீச்சர்" என்பார்கள். அவர் அடுத்த பலகைக்குப் போனதும் தாளைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கடைசி வகுப்பு அன்று மேடையில் உட்கார்ந்திருந்தவர் மூட்டைக்காரர். பகலில் லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு மாலையில் மாடலாக வருபவர். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கோணல் தாளில் கரியை வைத்தாள். பதினோரு வருடமாகப் பிடிவாதம் பிடித்த கை அன்று என்ன நினைத்ததோ, பிடரியில் தொடங்கி இடுப்புவரை ஒரே ஓட்டமாக ஓடி நின்றது. நிமிர்ந்து மூட்டைக்காரரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். சரியாக இருந்தது. அவளுக்குப் பயமாகப் போய்விட்டது. டீச்சர் பின்னால் வந்து நின்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த "ம்"முக்காகக் காத்திருந்தாள்.

டீச்சர் குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கரியை வாங்கி, ரொம்ப நேரம் எடுத்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு, இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு டீச்சர்," என்றாள் அவள்.

மறுநாள் வகுப்பு இல்லை என்று மாடிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் வகுப்பே இல்லை.

இப்போது ரப்பர் அவள் கையில் இருந்தது. உண்மையைச் சொன்னால், முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்து நம்பிவிட்டால் அது இன்னும் மோசம். டீச்சருக்குக் கடைசியில் ஒரு முதுகைக்கூட வரைய வரவில்லை என்று அவருடைய நினைவு நாளிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் அழித்தால், டீச்சர் கடைசியாகப் போட்ட கோட்டை அவள் கையாலேயே துடைத்த மாதிரி ஆகும். ஆனால் அவளுடைய கோடு நடு மண்டபத்தில் தொங்கும். டீச்சர் பெயரில்தான் தொங்கும் என்றாலும் தொங்கும். பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. ரப்பரை அந்த நடுங்கிய கோட்டின் தலைமாட்டில் வைத்தும்விட்டாள்.

"மெதுவா, மெதுவா," என்றார் செயலாளர் அம்மா.

அவள் ரப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"தம்பி, இந்தத் தாள்ல என் கோடே இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"அன்னைக்கு ஊசி குத்தி எனக்கு விரல் வீங்கியிருந்துது. கரியவே தொடல. டீச்சர்தான் உக்காந்து ரெண்டையும் போட்டாங்க. மொதல்ல இது. பிடிக்கல. அப்புறம் அது."

"டீச்சருக்குக் கை நடுங்குமா என்ன?" என்றார் செயலாளர் அம்மா.

பரிசுக்காரர் தாளின் மேல் குனிந்தார். தாடி தாளில் உரசியது. நடுங்கிய கோட்டையே வெகுநேரம் பார்த்தார். அவர் மட்டும் கொஞ்சம் சுமாரான ஓவியராக இருந்திருந்தால் அன்றைக்கு விஷயம் வெளிவந்திருக்கும்.

"நடுக்கம் இல்லங்க இது," என்றார் நிமிர்ந்து. "தேடல்."

"அதேதான் தம்பி," என்றாள் அவள். "நான் படிக்காதவ, எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா அழிக்கிறதா இருந்தா தாளத் தரமாட்டேன்."

"அழிக்கிறதா? யாராவது இத அழிப்பாங்களா?" என்றார் பரிசுக்காரர், ரப்பரைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டே.

கண்காட்சி அன்று நடு மண்டபத்தில் அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. கீழே அட்டையில் டீச்சரின் பெயர். 'தேடலும் தெளிவும்' என்று ஒரு தலைப்பும் வைத்திருந்தார்கள். பரிசுக்காரர் இருபது நிமிடம் பேசினார். டீச்சர் தன்னிடம் மட்டும் மனம்விட்டுப் பேசிய மூன்று சந்தர்ப்பங்களைச் சொன்னார். குழுவில் மீதி எட்டுப் பேருக்கும் அந்த மூன்று சந்தர்ப்பமும் தங்களுடையவை மாதிரியே இருந்தன.

கோணல் சொல்லி அனுப்பியிருந்ததால் மூட்டைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். படத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதான் என் முதுகா?"

"ஆமாண்ணே."

"நான் பாத்ததே இல்லையே. வீட்டுக்காரி எண்ணெய் தேய்க்கறப்ப திட்டுவா, அத வச்சு ஒரு மாதிரியா நினைச்சிருந்தேன். இவ்வளவு மோசமில்ல." கொஞ்சம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த நல்ல கோடு உன்னதுதானே?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "யாருண்ணே சொன்னா? நீங்கதான் அந்தப் பக்கம் திரும்பியில்ல உக்காந்திருந்தீங்க."

"காது திரும்பல இல்ல? நாப்பது நிமிஷம் அசையாம உக்காந்திருக்கிறவனுக்கு வேற என்ன வேலை? உன் கரி சர்ருன்னு ஓடி நின்னுச்சு. அப்புறம் ஸ்டூல இழுத்த சத்தம். அப்புறம் கரி ஊர்ந்துச்சு, நின்னுச்சு, ஊர்ந்துச்சு. சரியா இருக்கான்னு டீச்சர் கேட்டாங்க. நீ இருக்குன்னே. சொன்ன குரல்லயே தெரிஞ்சுது, இல்லன்னு."

"அண்ணே, மெதுவா பேசுங்க."

"நான் யாருகிட்டம்மா சொல்லப்போறேன்? உன் பேரையும் ஒரு ஓரத்துல போடச் சொல்லிருக்கலாமே."

"போட்டா, அப்போ டீச்சரோடது எதுன்னு கேப்பாங்கண்ணே."

அவர் யோசித்துத் தலையாட்டினார். அதற்குள் பின்னாலிருந்து செல்போனைத் தூக்கிப் பிடித்த ஒரு பெண், "சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? உங்க முதுகு படத்த மறைக்குது," என்றாள். மூட்டைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

பரிசுக்காரர் வந்து கோணலின் பக்கத்தில் நின்றார். "பாத்தீங்களாக்கா. பதினோரு வருஷம் கூடவே இருந்தீங்க. இப்படி ஒரு கோடு, ஒரே ஒரு தடவை, நம்மால போட முடிஞ்சுதா?" நம்மால் என்றது அவருடைய பெருந்தன்மை.

"எங்க தம்பி," என்றாள் அவள். "நமக்கெல்லாம் எங்க வரும்."

மூட்டைக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. டீ மேஜைப் பக்கம் ஒதுங்கிவிட்டார்.

கால் வலிக்கிறது என்று சொல்லி அவள் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி, படத்தை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கோட்டைப் புகழ்ந்தார்கள். என்ன துணிச்சல் என்றார்கள். என்ன ஓட்டம் என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். காது சூடாக இருந்தது. மண்டபத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவள் ஒருத்திதான். துக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்து அவளுக்கு ஒருவர் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று மணிக்கு, கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் வந்தார். கூட வந்த மகளிடம் சொன்னார்: "எல்லாரும் அந்த நேர்க்கோட்டையே சொல்றாங்க. எனக்கு இந்த உடைஞ்ச கோடுதாம்மா பிடிச்சிருக்கு. இந்த ஆள் கனம் தூக்கிப் பழகினவன் மாதிரி தெரியுது பாரு. அதுல வெறும் முதுகுதான் இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. டீச்சருக்காகத் தன் பெயரையே விட்டுக்கொடுத்தவள்தான். ஆனாலும் சுருக்கென்றது. பெரியவருக்குப் பார்வை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவர்கள் நகர்ந்ததும் எழுந்து போய், சட்டத்துக்கு எதிரே நின்று பார்த்தாள். டீச்சரின் கோடு உடைந்த முதல் இடம் தோள்பட்டைக்குக் கீழே. இரண்டாவது இடம் இடுப்புக்கு ஒரு சாண் மேலே. கை நடுங்கி உடைந்ததா, பார்த்துத்தான் உடைத்தாரா என்று தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை.

டீ மேஜையருகே மூட்டைக்காரர் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே," என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்களேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. டீக் கோப்பையும் கையுமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி, அசையாமல் நின்றார்.