நம்பர் போட்ட வலை

"மெதுவா அண்ணாச்சி, கால் ஒடிஞ்சிரும்."

"நான் ஒடிச்ச காலெல்லாம் வெந்த பொறவுதான் தாயி, பயப்படாதிய."

சமுத்திரம் வலையிலிருந்து உள்ளான் குருவியைப் பிரித்து நூர்னிசாவிடம் நீட்டினான். மதுரையில் பறவை ஆராய்ச்சி படிக்கிற அந்தப் பெண் அதன் காலில் அலுமினிய வளையத்தைக் குறடால் இறுக்கி, நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டு பறக்கவிட்டாள். பிடித்ததை விடுவதற்கும் ஒரு வேலை உண்டு என்பதை அவன் காலையிலிருந்து நம்ப முயன்றுகொண்டிருந்தான்.

எண்பத்தொன்பதாம் வருஷ ஐப்பசி அது. சுந்தரபாண்டியம் கண்மாயில் விடியுமுன் கட்டிய வெளிநாட்டு வலையில் விழுந்தவை ஒரு தட்டானும், கூட வந்த வனத்துறை ரேஞ்சரின் காற்றில் பறந்த தொப்பியும்தான். அப்போதுதான் ரேஞ்சருக்கு ஆபீஸ் ஸ்டோரில் கிடக்கும் வலை ஞாபகம் வந்தது. போன வருஷம் உள்ளான் பிடித்ததற்காகச் சமுத்திரத்திடம் அவரே பறிமுதல் செய்தது. அன்றிலிருந்து அவன் பருத்தி மூட்டை சுமக்கிறான். இன்று அதே கண்மாய், அதே வலை, அதே கை. குற்றம் மட்டும் ஆராய்ச்சியாகிவிட்டது.

"ஏலே, அந்த அட்டையப் பிச்சிராத. கேஸ் சொத்து!"

ஜீப்பிலிருந்து ரேஞ்சர் குரல் கொடுத்தார். பறவைகள் மிரண்டுவிடக் கூடாதே என்ற கருணையில் அவர் சேற்றில் இறங்கவேயில்லை. பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வலையின் ஓரத்தில் 'நம்பர் 17' என்ற அட்டை ஆடியது.

"இந்த வளையம் எதுக்குத் தாயி?"

"இதுக ரஷ்யாப் பக்கமிருந்து வருதுக அண்ணாச்சி. அங்க யாராச்சும் பிடிச்சா, நம்பரைப் பாத்து நமக்கு லெட்டர் போடுவாங்க."

"அங்கயும் என்னைய மாதிரி ஒருத்தன் இருக்கானாக்கும். அவன் வலை எந்த ரேஞ்சர்ட்ட கெடக்கோ!"

நூர்னிசா நோட்டால் வாயை மறைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தை முடிய எனக்கு இதே வேலைதான். வலையோட வந்தீங்கன்னா உங்களையே கூலிக்கு வச்சுக்கிடுவேன். வலை இல்லாம ஆளை மட்டும் வச்சு என்ன செய்ய?"

சமுத்திரத்தின் முதுகு மூட்டைகளை நினைத்துக்கொண்டது.

உச்சி வெயிலுக்குள் நாற்பது உள்ளான் முடிந்தது. "அம்புட்டுதான். வலையச் சுருட்டி ஜீப்ல போடு, ஸ்டோர்ல பூட்டணும்," என்றார் ரேஞ்சர்.

சுருட்டினான். ஜீப்புக்குக் கொண்டும் போனான். போடவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"அய்யா, நாப்பது உள்ளானுக்கு நம்பர் போட்டிய, அம்புட்டையும் பறக்க விட்டிய. இதுக்கும்தான் நம்பர் போட்டிருக்கு. விட்டுருங்களேன் அய்யா."